தேய்ந்த சீவுளியின் அகன்ற வாய்

பழைய தச்சுக் கருவிகள் கிடக்கும் பெட்டியொன்றைத் திறந்தால் அதில் ஒரு சிறிய மரச் சீவுளி பெரும்பாலும் அகப்படும். கைபட்டுக் கறுத்த கட்டை. ஆப்புத் தளர்ந்து, அலகு துருவேறி, அடிப்புறம் தேய்ந்து கிடக்கும். கவிழ்த்துப் பார்த்தால், அலகின் கூர் எட்டிப்பார்க்கும் பிளவு, அதாவது சீவுளியின் வாய், கால் அங்குலமளவுக்கு அகன்றிருக்கும். இத்தகைய சீவுளியை எடுத்துக் கூர்தீட்டி, முதிரைப் பலகையொன்றில் வைத்துத் தள்ளிப் பார்த்த இளைஞர் இரண்டாம் முறை அதைத் தொடமாட்டார். பலகை வழவழப்பாவதற்கு மாறாக நார்நாராகப் பிய்ந்து குழி விழும். “தேய்ந்த சாமான், இனி அடுப்புக்குத்தான் ஆகும்” என்ற தீர்ப்பும் அவ்விடத்திலேயே வழங்கப்பட்டுவிடும்.

இத்தீர்ப்பு அவசரமானது என்பதைக் காட்ட, முதலில் சீவுளியின் வாய் எதற்காக ஒடுங்கியிருக்க வேண்டும் என்று பார்ப்போம். அலகு மரத்துள் இறங்கிச் சீவலைத் தூக்கும்போது, நார் தன் போக்கிலே முன்னோக்கிப் பிளந்து ஓடப் பார்க்கும். வாயின் முன்விளிம்பு கூருக்கு மிக அண்மையில் நின்று அந்த நாரை அழுத்திக்கொண்டிருந்தால், பிளவு ஓட இடமின்றிச் சீவல் அங்கேயே மடிந்து மேலேறும். முன்விளிம்பு தள்ளி நின்றால் அழுத்துவாரில்லை, நார் பிய்ந்தெழும். வேம்பு, முதிரை முதலிய மரங்களிலே நார்கள் ஒரு படை இப்பக்கமும் மறுபடை அப்பக்கமுமாகச் சாய்ந்து பின்னிக் கிடப்பதால் இத்தொல்லை இரட்டிக்கும்.

வாய் அகலுவதற்குக் காரணம் எளிய கேத்திரகணிதம். மரச் சீவுளியின் அலகு பொதுவாக 45 பாகையிற் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதற்கெதிரே உள்ள முன்சுவரோ ஏறக்குறைய நேர்குத்தாக நிற்கும். ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி மேலே போகப் போக விரியும். அடிப்புறம் உராய்ந்து தேய்ந்தாலும், தேய்மானத்தைச் சமன்செய்யத் தச்சர் அதைச் சீவி எடுத்தாலும், மேலேயிருந்த விரிந்த பகுதியே புதிய வாயாகிறது. முன்சுவர் சரியாக நேர்குத்தாயின், அடியில் 1/8 அங்குலம் போனால் வாயும் 1/8 அங்குலம் அகலும். ஒரு தலைமுறை உழைத்த சீவுளிக்கு இது நேராதிருக்க வழியில்லை.

தச்சர்கள் இதற்கு இரு வழிகள் கண்டிருந்தனர். வாய்க்கு முன்னே அடிப்புறத்தைக் கொத்தி, வைரமான மரத்துண்டொன்றைப் பதித்து ஒட்டி, வாயை மீண்டும் ஒடுக்குவது ஒன்று. நுட்பமான வேலை, நல்ல சீவுளிக்குச் செய்யத்தக்கது. அகன்ற வாயை அகன்றபடியே விட்டு, அகன்ற வாயே வேண்டப்படும் வேலைக்கு அச்சீவுளியை மாற்றிவிடுவது மற்றையது. இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது வழி.

அப்படியும் ஒரு வேலை உண்டா எனின், உண்டு. மரக்காலையிலிருந்து வரும் பலகை வாள் அரிந்த தழும்புகளோடு, சற்று முறுக்கியும் குழிந்தும் வரும். அதை முதலிலேயே நேர்த்தியான சீவுளியாற் சீவத் தொடங்குவது, கரடுமுரடான காணியை விளக்குமாற்றாற் பெருக்கிச் சமன்செய்யப் பார்ப்பது போலாகும். முதலில் மேடுகளை வேகமாக வெட்டித் தள்ளவேண்டும்; பின்னர் நீளச் சீவுளியால் மட்டம் பிடிக்கவேண்டும்; கடைசியிலேதான் மினுக்கும் வேலை. அந்த முதல் வேலைக்குரிய சீவுளியை ஆங்கிலேயர் ‘ஸ்கிறப்’ சீவுளி என்பர். நாம் முரட்டுச் சீவுளி என்று வைத்துக்கொள்வோம்.

பெயர் பிற்காலத்ததாயினும் முறை பழையது. அச்சுத் தொழிலராயும் உலக உருண்டைகள் செய்பவராயும் இலண்டனில் வாழ்ந்த ஜோசப் மொக்சன் என்பவர், 1677 ஆம் ஆண்டளவில் தொடங்கிப் பகுதி பகுதியாக வெளியிட்ட கைத்தொழில் நூலிலே, பலகையில் முதலில் ஓட்டப்படும் சீவுளியின் அலகை நேராகத் தீட்டாது நடுப்பகுதி முன்தள்ளிய வில்லாகத் தீட்டவேண்டும் என விளக்கியிருக்கிறார். ஜேர்மன் தச்சர்களிடம் இதற்கென்றே, முன்புறம் கொம்பு வைத்த, 33 மில்லிமீற்றர் அகலமே உள்ள ஒடுங்கிய அலகு பூட்டிய மரச் சீவுளி ஒன்று உண்டு.

அமெரிக்காவில், லெனாட் பெய்லி என்பவர் வகுத்த இரும்புச் சீவுளிகளின் உரிமையை 1869 இல் வாங்கி உலகெங்கும் பரப்பிய ஸ்ரான்லி நிறுவனம், 1896 இல் 40 ஆம் இலக்கம் என்ற முரட்டுச் சீவுளியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீளம் 9½ அங்குலம். அலகின் அகலம் 1¼ அங்குலம். அதன் அமைப்பைப் பார்ப்பவர்க்குச் சிரிப்பு வரும். ஏனைய சீவுளிகளிலே அலகின்மேல் திருகப்பட்டுச் சீவலை மடிக்கும் இரண்டாம் தகடு இதில் இல்லை. அலகை ஏற்றியிறக்கும் திருகுச் சக்கரமும் இல்லை. வாயோ தாராளமாய்த் திறந்து கிடக்கிறது. நமது பெட்டியிலுள்ள தேய்ந்த சீவுளி முதுமையால் இழந்துவிட்ட நேர்த்தியை, இது பிறக்கும்போதே வேண்டாமென்று விட்டுவிட்டது. காசு கொடுத்து வாங்கும் முரட்டுச் சீவுளிக்கும் நமது பழைய சீவுளிக்கும் உள்ள வேறுபாடு, பெரும்பாலும் அலகின் நுனி வடிவம் ஒன்றே.

அந்த வடிவத்தின் பயனைக் கணிதம் படிக்கும் மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம். 2 அங்குல அகலமுள்ள அலகு நேராகத் தீட்டப்பட்டு, அடிப்புறத்துக்குக் கீழே 1/16 அங்குலம் இறங்கி நிற்கிறது எனக் கொள்க. ஒரு தள்ளலில் அது 2 அங்குல அகலமும் 1/16 அங்குலக் கனமுமுள்ள பட்டியையே மரத்திலிருந்து உரிக்கவேண்டும். அவ்வளவு வலு எவர் தோளிலும் இல்லை. போதாததற்கு அலகின் இரு மூலைகளும் மரத்துள் புதைந்து, பட்டியின் ஓரங்களைக் கிழித்துக்கொண்டு செல்லும். இனி, அதே அலகின் நுனியை 3 அங்குல ஆரையுள்ள வட்டத்தின் வில்லாகத் தீட்டுவோம். அலகு 45 பாகையிற் சாய்ந்திருப்பதால், கீழ்நோக்கிய 1/16 அங்குலத்தை 2 இன் வர்க்கமூலத்தாற் பெருக்கியே அலகின் வழியான நீளத்தைப் பெறவேண்டும். அந்த அளவுக்குரிய நாண் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். பெயர்க்கப்படும் மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்போ முன்னையதிற் பாதிக்கும் குறைவு. 1/32 அங்குலம் மட்டும் இறக்கினால் வெட்டின் அகலம் ஏறக்குறைய 1 அங்குலமாகும். சீவல் நடுவிலே தடித்து இரு ஓரங்களிலும் ஒன்றுமில்லாமல் மெலிந்து முடிவதால், கிழிபடுவதற்கு ஓரம் என்பதே இல்லை. தடித்த சீவல் சிக்காமல் வெளியேற அகன்ற வாய் வேண்டும். வாய் ஒடுங்கிய புதுச் சீவுளியில் இந்த அலகைப் பூட்டினால் இரண்டு தள்ளலில் அடைத்துக்கொள்ளும்.

செய்முறைக்கு வருவோம்.

அலகைக் கழற்றித் துருவை நீக்கிய பின், 6 அங்குல விட்டமுள்ள தகர மூடியொன்றை நுனியின்மேல் வைத்து வில்லை ஊசியாற் கீறிக்கொள்ளுங்கள். 2 அங்குல அலகாயின், வில்லின் நடு நுனியைத் தொடும்போது இரு மூலைகளும் ஆறிலொரு அங்குலத்துக்குச் சற்று மேலாகப் பின்வாங்கியிருக்கும். பெயர்க்கவேண்டிய உருக்கு அவ்வளவே. சாணைச் சில்லிலே முதலில் அலகைச் சரிக்காமல் சில்லுக்கு நேராகப் பிடித்து, கீறிய கோடு வரைக்கும் மொட்டையாகத் தேய்த்துவிடுங்கள். பலர் தொடக்கத்திலேயே சரிவாகப் பிடித்து வில்லையும் கூரையும் ஒருங்கே பெறப் பார்க்கின்றனர். அவ்வாறு செய்தால் நுனி மெல்லியதாகி, வெப்பம் ஓட இடமின்றி நொடியில் நீலநிறமாகிவிடும். ஏறக்குறைய 300 பாகை செல்சியசில் உருக்கின் மேலே தோன்றும் நீலம் கண்ணுக்கு அழகானதுதான். ஆனால் அந்த இடத்தில் அலகு தன் வன்மையை இழந்துவிட்டது என்பதே அதன் பொருள். அதைத் தேய்த்து அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மொட்டையான வில் கிடைத்த பின்னர், 30 பாகைச் சரிவில், அலகைப் பக்கத்துக்குப் பக்கம் ஊசலாட்டிக்கொண்டு, விரலுக்குச் சூடு தெரியுமுன்னே தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேய்க்கவேண்டும். சாணைச் சில்லு இல்லாதவர் கரடான எண்ணெய்க்கல்லிலும் செய்யலாம். ஒரு பின்னேரம் முழுவதும் போகும்.

பழைய மரச் சீவுளிகளின் அலகு முழுவதும் உருக்கன்று. மென்மையான இரும்பின் முகத்தில் மெல்லிய உருக்குத் தகட்டை உலையிலே வைத்து அடித்து இணைத்திருப்பார்கள். சரிவான பக்கத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு கோடு தெரியும். தேய்க்கத் தேய்க்க உருக்கு எவ்வளவு நீளம் எஞ்சியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. கால் அங்குலமே எஞ்சிய அலகில் இவ்வேலையைத் தொடங்குவது வீண்.

எண்ணெய்க்கல்லில் கூர்தீட்டும்போதும் அதே ஊசலாட்டந்தான். இந்த அலகுக்கு மயிர் மழிக்கும் கூர் தேவையில்லை. ஒழுங்கான கூர் போதும். மேல்தகடு உள்ள சீவுளியானால், அதை நடுக்கூரிலிருந்து 3/16 முதல் கால் அங்குலம் வரை பின்னுக்கு இழுத்துத் திருகிவிடுங்கள். சீவலை மடிக்கும் வேலை இனி அதற்கில்லை.

மரக் கட்டையிற் செய்யவேண்டியது சொற்பம். வாய் ஏற்கெனவே அகன்றிருக்கிறது. அடிப்புறம் குதிரைச் சேணம்போல் வளைந்திருந்தால் மாத்திரம் அதை ஒருமுறை நேராக்கிக்கொள்ளலாம். ஆப்பு இறுகப் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். முரட்டு வேலையில் அதிர்ச்சி அதிகமாதலால் தளர்ந்த ஆப்பு நிற்காது. புதிய ஆப்பொன்றைச் செதுக்கிப் போடுவது அரை மணி நேர வேலை.

இரும்புச் சீவுளியில் வேறு விதமான கவனம் வேண்டும். 9 அங்குல நீளமும் 2 அங்குல அலகும் உடைய 4 ஆம் இலக்கச் சீவுளியே இம்மாற்றத்துக்குப் பெரிதும் எடுக்கப்படுவது. அதிலே அலகு படுத்திருக்கும் சாய்வான மேடைக்கு ஆங்கிலேயர் தவளை என்று பெயரிட்டிருக்கின்றனர். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்த மேடையின் திருகுகளைத் தளர்த்திப் பின்னுக்கு நகர்த்தினாலே வாய் ஓரளவு அகலும். வாயின் பின்விளிம்போடு ஒரே சாய்வில் வரும்வரை நகர்த்தலாம். அதற்கப்பால் நகர்த்தினால் அலகு மேடையிற் படியாமல் விளிம்பிலே தொங்கி நிற்கும். அதுவும் போதாதாயின், வாயின் முன்விளிம்பை மட்டும் அரத்தால் மெல்ல அராவலாம். பின்விளிம்பைத் தொடலாகாது. வார்ப்பிரும்பு நொறுங்கும் தன்மையுடையது. பிடிச்சிராவியில் பக்கச் சுவர்களை இறுக்கிப் பிடித்தால் வெடிக்கும்.

எந்தச் சீவுளியை இப்படி மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பது இவ்விடயத்திலே கனமான கேள்வி. அலகைத் தீட்டுவது பெரிய பாதகமன்று; வேறு அலகு போட்டால் பழைய நிலை திரும்பும். 2 அங்குல அகலமான இரும்புச் சீவுளி அலகுகள் இன்றும் கடைகளில் விற்கப்படுகின்றன. அப்படி ஒன்றை வாங்கி அதையே வில்லாக்கி, பழைய அலகை எண்ணெய்த் தாளிற் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டால் எவருக்கும் நட்டமில்லை. வாயை அராவுவது வேறு. அராவிய இரும்பு திரும்பி வராது. ஆகவே வாய் ஒடுங்கி, உடல் நேராய், பூட்டுகள் யாவும் ஒழுங்காயுள்ள சீவுளியை முரட்டு வேலைக்கென்று அராவுவதை நான் ஒருபோதும் ஒப்பேன். அதற்குத் தேய்ந்ததும் குறைபட்டதுமான உடலையே தேடவேண்டும். பக்கச் சுவரை வாளால் அறுத்து ஓரம் வெட்டும் சீவுளியாக மாற்றுவோரும் உளர். சுவர் போன பின் அவ்வுடலுக்கு வலுவேது? அடிப்புறத்தைக் குவிவாகச் சீவிக் குழிவான வேலைகளுக்குப் பயன்படுத்துவது, அலகிலே பற்கள் வெட்டி, மெல்லிய ஒட்டுப்பலகை பசையிற் பிடிப்பதற்காக முகத்தைச் சுரண்டுவது ஆகியனவும் மரச் சீவுளிக்கு ஏற்ற மாற்றங்களே. அவற்றைப் பிறிதொரு வாரம் பார்க்கலாம்.

நம்மவர் வீடுகளில் இக்கேள்விக்கு வேறொரு கனமும் உண்டு. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது, பிள்ளைகளையும் முதியோரையும் கூட்டிச் செல்வதே பெரும்பாடாக இருந்தது. கருவிப்பெட்டியைத் தூக்கிச் சென்றவர் எத்தனை பேர் இருக்க முடியும்? பாட்டனார் தம் பெயரின் முதலெழுத்தைக் கட்டையின் முன்முகத்தில் வெட்டி வைத்த சீவுளி இத்தனைக்கும் பிறகு ஒரு வீட்டில் எஞ்சியிருக்குமாயின், அதன் உடலில் அரமோ வாளோ வைக்குமுன் வீட்டிலுள்ள பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்பதே முறை. அவர்கள் சம்மதித்தால், கட்டையைத் தொடாமல் அலகை மட்டும் மாற்றுங்கள். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. மின்சாரச் சீவுளி வந்த பின்னர் மூலையில் ஒதுக்கப்பட்ட கருவிக்கு, வீட்டுப் பிள்ளையின் கையிலே மறுபடி வேலை கிடைப்பதை அதைச் செய்வித்தவரே விரும்பியிருப்பார் என்பது என் எண்ணம். பழைய இரும்பு வாங்க வருபவரின் சாக்கிற் போவதிலும் அது எவ்வளவோ மேல்.

இனி வேலை. வளவிலே பட்ட பலாமரம் அரிபட்டு, 14 அங்குல அகலமான பலகைகளாகச் சில ஆண்டுகள் தாழ்வாரத்திற் காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையாக்க வேண்டும். பலகையை ஆடாதபடி சிறு ஆப்புகள் செருகி மேசைமேல் இருத்துங்கள். ஒரே அகலமான இரு நேர்க்கோல்களைப் பலகையின் இரு அந்தங்களிலும் குறுக்கே நிறுத்தி, ஒன்றன் மேல்விளிம்பினூடாக மற்றதைப் பார்த்தால், முறுக்கு எந்த மூலையில் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். உயர்ந்த இடங்களைப் பென்சிலாற் குறித்துக்கொள்ளுங்கள்.

முரட்டுச் சீவுளியை நாரின் வழியே ஓட்டுவதில்லை. குறுக்கே, அல்லது சற்றுச் சரிவாக ஓட்டவேண்டும். நாரின் வழியே ஓட்டினால் அது ஆழமாகப் பிளந்துகொண்டு போகும். குறுக்கே ஓட்டும்போது அலகு நார்களைத் துண்டு துண்டாக வெட்டிவிடுவதால் பிளவு ஓடுவதற்கில்லை. பின்னிய நாருள்ள நமது மரங்களுக்கு இம்முறை வெகு பொருத்தம். அப்பால் உள்ள ஓரத்தை முன்கூட்டியே சற்றுச் சரிவாகச் சீவிவிட மறக்கலாகாது. இல்லையேல் அலகு வெளியேறும் இடத்தில் ஓரம் சிலும்பாகப் பெயர்ந்து விழும். சரிவாக ஒரு முறை, அதற்கு எதிர்ச்சரிவாக மறுமுறை என மாற்றி மாற்றிச் சீவி, இடையிடையே நேர்க்கோல்களை வைத்துப் பாருங்கள். ஆழம் கூடினால் கட்டையின் பின்முகத்திற் கொட்டாப்புளியால் ஒரு தட்டு. குறைந்தால் அலகின் தலையிலே இலேசாக ஒரு தட்டு. வருவன சுருள்களல்ல, குட்டையான தடித்த சில்லுகள். பலாமரத்தின் மஞ்சட் சில்லுகள் காலடியிற் குவியும் வேகத்தைக் கண்டால், மினுக்குச் சீவுளியோடு மட்டும் மாரடித்தவருக்கு வியப்பாயிருக்கும்.

பலாவுக்கும் வேம்புக்கும் 3 அங்குல ஆரை ஒத்துவரும். முதிரை, பாலை போன்ற வன்மரங்களில் அந்த வில் துள்ளும், கையும் நோகும். அவற்றுக்கு 8 அங்குல ஆரையுள்ள தட்டையான வில்லைத் தீட்டிக்கொள்வது நல்லது. அப்போது 2 அங்குல அலகின் மூலைகள் 1/16 அங்குலம் மட்டுமே பின்வாங்கும். பெயரும் மரம் குறைவாயினும் வேலை தடையின்றி நடக்கும்.

மேடுகள் போய் மட்டம் ஏறக்குறைய வந்தவுடன் முரட்டுச் சீவுளியைக் கீழே வைத்துவிட வேண்டும். பலகை முழுவதும் ஆழமற்ற வாய்க்கால்கள் ஓடியது போலிருக்கும். நீளச் சீவுளி அவற்றின் வரம்புகளைச் சீவிச் சமன்செய்யும், பின்பு மினுக்குவது. இது மேல்முகத்துக்கு மட்டுமே. 18 ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்ட மேசைகளின் அடிப்பலகையையும் இழுப்பறைகளின் கீழ்ப்புறத்தையும் தடவினால், இவ்வாய்க்கால்கள் விரலுக்கு இன்னும் தட்டுப்படும். பழம்பொருள் வாங்குவோர் மேசைக்குக் கீழே கையை விட்டு அதைத்தான் முதலில் தேடுவர். ஆகவே உங்கள் பலா மேசையின் அடிப்புறத்தை மட்டமாக்கியதோடு விட்டுவிடலாம். அதை மினுக்க வேண்டியதில்லை.